ஊதா என்று எழுதினேன்

ஜனவரி 18

ஆண்டவருக்குள் அன்பான பூனைக்கு,

அண்ணன் எழுதுறேன். சுகமா இருக்கியா தங்கச்சி? வெந்நீர் பட்டுப் பட்டுக் கைத்தோல் உரியுதுன்னு சொன்னியே, ஆறிடுச்சா? உன் அண்ணி நேத்து சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தா. பஸ் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் டிரைவரைத் திட்டிக்கிட்டே வந்தா. சரி, ஆளு தேறிட்டான்னு அப்பவே எனக்குத் தெம்பு வந்துடுச்சு. பித்தப்பையில இருந்து எடுத்த ஏழு கல்லையும் பாட்டில்ல போட்டுக் கொண்டாந்திருக்கா. பார்க்க வர்றவங்க யாரும் அதைப் பார்க்காம தப்பிச்சுப் போக முடியாது.

ஆபரேஷனை உன் ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்கிட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு! கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பூனை கையால நீராவியில வெந்து வருதுன்னு சொன்னப்புறம்தான் அவ ஊசிக்குக் கையையே நீட்டினா. நாளைக்கு ஆராதனையில சாட்சி சொல்லப்போறேன். ஒரு குறையும் இல்லாம ஆண்டவர் சுகமாக்கினார்னு.

இந்த மாசம் பூரா சபையில கிருபையைப் பத்தித்தான் நான் பிரசங்கம் பண்றேன். அப்பா நமக்குள்ள போட்ட பயத்தை எல்லாம் நாற்பது பேர் முன்னாடி நின்னு ஒண்ணொண்ணா உதறுற மாதிரி இருக்கு. நீயும் வந்து கேக்கணும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஜெபத்தில் உன்னை மறக்காத,
அண்ணன்


ஜனவரி 25
(அனுப்பவில்லை)

அண்ணா,

இதை உனக்கு அனுப்புவேனான்னு தெரியல. என் வேலை உனக்கு அவ்வளவாத் தெரியாது, அதனால முதல்ல இருந்து சொல்றேன்.

ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து வர்ற கத்தி, இடுக்கி எல்லாத்தையும் கழுவித் தட்டுல அடுக்கி, துணி சுத்தி, நீராவி மெஷினுக்குள்ள வைப்போம். துணி மேல ஒரு டேப் ஒட்டியிருக்கும். சூடு பட்டா அதுல கறுப்புக் கோடு வரும். கோடு வந்தா சூடு பட்டுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், கிருமி செத்துச்சுன்னு அர்த்தம் இல்ல. அதைப் பார்க்கிறதுக்கு வேற ஒண்ணு இருக்கு. தினமும் காலையில முதல் தடவை ஓட்டும்போது உள்ள ஒரு சின்னக் குப்பி வைக்கணும். லேசுல சாகாத கிருமி அதுல இருக்கும். வெளிய எடுத்து வெதுவெதுப்பான பெட்டியில ஒரு நாள் முழுக்க வச்சுப் பார்க்கணும். ஊதாவாவே இருந்தா கிருமி செத்துடுச்சு. மஞ்சளா மாறினா உயிரோட இருக்கு. அது தெரியுற வரைக்கும் தட்டுங்க அலமாரியை விட்டு வெளிய போகக் கூடாது.

அது விதி. ஆனா தட்டு பத்தாது, டாக்டருங்க கத்துவாங்க. அதனால குப்பியைப் பெட்டியில வச்ச கையோட ரிஜிஸ்டர்ல ‘ஊதா’ன்னு எழுதித் தட்டை அனுப்பிடுவோம். நான் வந்த நாள்ல இருந்து இப்படித்தான். பதினோரு வருஷமா எழுதுறேன், பதினோரு வருஷமா அது ஊதாதான்.

ஜனவரி எட்டாம் தேதி காலையிலயும் எழுதினேன். ஒன்பது தட்டு மேல போச்சு. பதினோரு மணிக்கு அண்ணிக்கு ஆபரேஷன். மறுநாள் பெட்டியைத் திறந்தேன். குப்பி மஞ்சள்.

அண்ணா, நான் என்ன பண்ணேன் தெரியுமா? யாராவது வர்றாங்களான்னு பார்த்தேன். முதல்ல அதைத்தான் பண்ணேன். அப்புறம் குப்பியைக் காகிதத்துல சுத்திக் குப்பையில அமுக்கிட்டேன். மறுபடி ரெண்டு குப்பி வச்சு ஓட்டினேன், ரெண்டும் ஊதா. அப்பாடான்னு இருந்தேன். போன வாரம் மெக்கானிக் வந்து கதவு ரப்பரைக் கழட்டிக் காட்டுறார், அதுல மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. “இது நீராவியை ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் விடும்மா”ன்னு சொன்னார்.

எட்டாம் தேதி பிடிச்சுதா, விட்டுச்சா? குப்பியே கோளாறா இருக்கலாம் இல்லியா? சொன்னா வேலை போயிடும். போலீசு வரைக்கும் போகலாம். சொல்லாம இருந்தா... அந்த ஒன்பது பேரும் வீட்டுல படுத்திருக்காங்க. அதுல ஒருத்தி என் அண்ணி. அப்பா போய் எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் அவர் செருப்புச் சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு, கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருக்கு.


ஜனவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சியோட நமஸ்காரம். நான் சௌக்கியம். கை ஆறிடுச்சு. அண்ணி எப்படி இருக்காங்க? காய்ச்சல் ஏதும் இல்லையே? தையல் போட்ட இடம் என்ன நிறத்துல இருக்கு? சிவந்து சுடுதா, வெளிறி இருக்கா? பார்த்து எழுது.

இங்க விசேஷம் ஒண்ணும் இல்ல. மெஷின் கதவுக்கு ரப்பர் மாத்தினாங்க.

கிருபையைப் பத்திப் பிரசங்கம் பண்றேன்னு எழுதியிருந்தியே. ஒரு சந்தேகம். எல்லாம் கிருபைதான்னா, நாம ஒழுங்கா நடக்கிறதுக்கும் முயற்சி எடுக்கிறதுக்கும் என்ன மதிப்பு? செஞ்சாலும் செய்யாட்டியும் ஒண்ணுதானா? நேரம் கிடைக்கும்போது எழுது. அண்ணியைப் பத்தி மட்டும் உடனே எழுது.

உன்,
தங்கச்சி


பிப்ரவரி 4

ஆண்டவருக்குள் அன்பான பூனைக்கு,

சுகமா? உன் கடிதத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கல. ஜெபம் பண்ணக் கூப்பிட்டா தூக்கம் வருதுன்னு ஓடுற கழுதை இப்போ கிருபையைப் பத்திக் கேக்குதேன்னு அண்ணிகிட்டப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சுட்டு, வயிறு இழுக்குதுன்னு என்னைத் திட்டினா. அவளுக்கு லேசா உடம்பு சுடுது. பயண அசதிதான். தையல் இடம் நிறமாவது மண்ணாவது, தையல் மாதிரி இருக்கு.

சரி, உன் கேள்வி. நீ நல்லவளா நடந்ததால ஆண்டவர் உன்னை ஏத்துக்கல பூனை. ஏத்துக்கிட்டார், அதனால நீ மெல்ல மெல்ல நல்லவளா ஆகுற. முயற்சி வேணும், கீழ்ப்படிதலும் வேணும். ஆனா அது கூலிக்கு மாரடிக்கிறது இல்ல. அப்பா சனிக்கிழமைதோறும் நம்மளை வரிசையா நிக்க வச்சு நகம் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கா? நகம் சுத்தமா இருக்கணுமேன்னா நாம கழுவினோம்? கையைப் பின்னாடி மறைச்சோம். பயத்துல வர்ற கீழ்ப்படிதல் அவ்வளவுதான், மறைக்கத்தான் கத்துக்கொடுக்கும். கிருபைக்குள்ள வந்தவன் கையை நீட்டலாம், அழுக்கோட நீட்டலாம்.

இதைப் பிரசங்கத்துல சொன்னப்போ ஒரு அம்மா அழுதுட்டாங்க. நீ சாப்பிடுறியா?

அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். அசதின்னா இத்தனை நாளா உடம்பு சுடாது. சுடுறது சாயங்காலமா? குளிர் நடுக்கம் இருக்கா? மூச்சு இழுத்தா வலது பக்கம் வலிக்குதான்னு கேளு. வலது தோள்பட்டையில வலி இருக்கான்னும் கேளு, மறந்துடாதே. டாக்டர்கிட்டக் காட்டு. நாளைக்கே காட்டு.

இங்க கூட வேலை செய்யுற ஒரு பொண்ணு ஒரு விஷயம் கேட்டா. அவ ஒரு தப்புப் பண்ணிட்டா, ஆண்டவர்கிட்ட அழுது மன்னிப்புக் கேட்டுட்டா. அவர் மன்னிச்சுட்டார்னா, அதுக்கப்புறம் மனுஷங்ககிட்டயும் போய்ச் சொல்லணுமா? சொன்னா அவ வாழ்க்கையே போயிடும்கிறா. நீ சொல்றதை அப்படியே அவகிட்டச் சொல்றேன்.

உன்,
தங்கச்சி


பிப்ரவரி 20

ஆண்டவருக்குள் அன்பான பூனைக்கு,

பதில் எழுதத் தாமதம் ஆயிடுச்சு, கோவிச்சுக்காதே. சபை வேலை. அண்ணி கிருபையால நல்லா இருக்கா. காத்து வரட்டும்னு கட்டிலை ஜன்னல் பக்கமா நகர்த்திப் போட்டிருக்கேன். சமையல் பக்கத்து வீட்டு டீச்சர் உபயம், அதனால நான் ஒரு சுத்து பெருத்திருக்கேன். நீ என்ன, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நர்ஸ் மாதிரி கேள்வி கேக்குற? தோள்பட்டை வலியைப் பத்தி உனக்கு எப்படித் தோணுச்சு?

உன் கூட்டாளிப் பொண்ணுக்குச் சொல்லு. ஆண்டவர் மன்னிச்சு முடிச்சதைத் திரும்பத் திரும்பக் கிளறுறதும் ஒரு அவிசுவாசம்தான். எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கொட்டணும்னு இல்ல. சில விஷயத்தை வெளிய சொன்னா கேக்குறவங்க விசுவாசம்தான் குலையும். நிம்மதியா இருக்கச் சொல்லு.

அண்ணன்


பிப்ரவரி 26

பூனை,

அண்ணி எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், படுத்துக்கிட்டு எழுதுறேன். டீச்சர்கிட்டக் கொடுத்துத் தபால்ல போடச் சொல்லியிருக்கேன், உன் அண்ணனுக்குத் தெரியாது.

நான் நல்லா இருக்கேன்னு எழுதினாரா? எழுதியிருப்பார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குளிர் தூக்கிப் போடுது. மூணு போர்வை போட்டாலும் பல்லு கிட்டிக்குது. வலது தோள்பட்டை கழண்டு விழற மாதிரி வலி. இங்க இருக்கிற டாக்டர் கொசுக்காய்ச்சல்னு மாத்திரை கொடுக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா உன் அண்ணன் இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்கிறார். பாவம், ஊர் முன்னாடி ஒரு குறையும் இல்லன்னு சாட்சி சொல்லிட்டார், இப்போ அதை எப்படி வாபஸ் வாங்குறதுன்னு தெரியாம முழிக்கிறார். ராத்திரியில என் நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறார்.

நீ தோள்பட்டையைக் கேட்டிருந்ததை அவர் படிச்சுக் காட்டல. கடிதத்தை மேஜை மேல வச்சுட்டுப் போனார், நானே எடுத்துப் படிச்சேன். எனக்கே அப்போ அந்த வலி வரல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது பூனை? எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா? இருந்தா மறைக்காதே. எனக்குச் சாகப் பயமா இருக்கு.

அண்ணி


மார்ச் 3

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நேத்து அடிச்ச தந்தி கிடைச்சிருக்கும். இன்னும் கிளம்பலேன்னா இதைப் படிக்கிறதை நிறுத்திட்டுக் கிளம்புங்க. ஆஸ்பத்திரியில இதைச் சொல்லுங்க: ஆபரேஷன் அன்னிக்குக் கருவிங்க சரியா கிருமி நீங்காம இருந்திருக்கலாம், ஈரலுக்குக் கீழ சீழ் கட்டியிருக்கலாம்.

அந்தக் கூட்டாளிப் பொண்ணு நான்தான். கூட இருக்கிற கடிதத்தை ஜனவரியிலயே எழுதினேன், அனுப்பல. முழு விவரமும் அதுல இருக்கு.

அண்ணி கடிதம் கிடைச்ச அன்னிக்கே பெரிய நர்ஸ் மேட்ரனம்மா அறைக்குப் போனேன். கதவைத் தட்டிட்டு, அவங்க திறக்கிறதுக்குள்ள திரும்பி ஓடிடலாம்னு நெனச்சேன். கால் வரல. எல்லாத்தையும் சொன்னேன். அவங்க கத்தல. ரிஜிஸ்டரை வாங்கிப் பதினோரு வருஷத்தையும் ஒரு பக்கம் விடாம புரட்டினாங்க. அது கத்துறதைவிட மோசமா இருந்துச்சு. ஒன்பது பேரையும் தேடச் சொல்லி அப்பவே ஆள் அனுப்பினாங்க. என்னைக் கழுவுற தொட்டிக்கு மாத்திட்டாங்க, விசாரணை நடக்கும்.

அண்ணா, நீ எழுதினதை வாசிச்சு வாசிச்சு ஒரு வாரம் நிம்மதியா இருக்கப் பார்த்தேன். மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சுன்னு. அந்த ஒரு வாரமும் அண்ணிக்கு நடுக்கம். உன்மேல பழி போடல. நான் கேட்ட கேள்வியே பொய்.

உடனே ஒரு வரி எழுதுங்க.

பூனை


மார்ச் 12

அண்ணா,

பதில் இல்ல. தந்தி ஆபீசுக்கு மூணு தடவை போயிட்டேன். டீச்சருக்கும் எழுதினேன், பதில் வரல. தபால்காரர் வர்ற நேரம் தொட்டியில கையை விட்டுக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.

ஒன்பது பேர்ல அஞ்சு பேர் நல்லா இருக்காங்க. ரெண்டு பேருக்குக் காயம் ஆறாம இருந்துச்சு, திரும்ப வந்து வார்டுல இருக்காங்க, தேறிடுவாங்களாம். அதுல ஒருத்தர் கொத்தனார். நான்தான்னு தெரியாம, தண்ணி கொண்டு போய்க் கொடுத்ததுக்கு என்னை மகராசின்னார். ஒருத்தர் கொடுத்த விலாசத்துல ஆளே இல்ல. இன்னொருத்தர் அண்ணி.

என்னைத் திட்டி எழுது. தங்கச்சியே இல்லன்னு எழுது. அண்ணி உயிரோட இருக்காங்களான்னு மட்டும் எழுது.

பூனை


மார்ச் 24

பூனைக்கு,

உயிரோட இருக்கா.

உன் தந்தி கிடைச்ச அரை மணி நேரத்துல வண்டி பிடிச்சோம். போன அன்னிக்கே விலாப் பக்கம் ஊசி போட்டுச் சீழ் எடுத்தாங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு டாக்டர் என்னை வெளிய கூப்பிட்டுச் சொன்னார். பத்து நாள் கண்ணே திறக்கல. இப்போ திட்டுற அளவுக்குத் தேறியிருக்கா.

உன் கடிதத்தை எல்லாம் டீச்சர் இங்க கொண்டாந்து கொடுத்தாங்க, பதில் நானே எழுதுறேன்னு அவங்களை நிறுத்திட்டேன். உனக்கு நாலு கடிதம் எழுதிக் கிழிச்சேன். முதல் ரெண்டுலயும் உன்னைக் கொலைகாரின்னு எழுதியிருந்தேன். மூணாவதுல வசனமா எழுதினேன், அது இன்னும் அசிங்கமா இருந்துச்சு. நாலாவது எழுதும்போதுதான் பிப்ரவரியில உனக்கு என்ன எழுதினேன்னு ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கொட்டணும்னு இல்லன்னு எழுதினேனே, அதை எழுதினப்போ உன் அண்ணி பக்கத்துல கட்டில் ஆட ஆட நடுங்கிக்கிட்டு இருந்தா. நான் உன் கேள்விக்குப் பதில் எழுதல பூனை. எனக்குச் சாக்கு எழுதினேன். கிருபையைப் பத்தி வாய் வலிக்கப் பேசிட்டு, அதையே கையை மறைக்கிற துணியா வச்சுக்கிட்டேன். அப்பாவுக்குப் பயந்து மறைச்சோம் சரி. ஆண்டவர் அடிக்க மாட்டார்னு தெரிஞ்சும் ஏன்டி மறைச்சோம்?

போன ஞாயிறு ஊருக்குப் போய்ச் சபை முன்னாடி நின்னு என் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கிட்டேன். ரெண்டு குடும்பம் எழுந்து போயிட்டாங்க. மன்னிப்பு கிடைச்சிருச்சுங்கிறதாலதான் உண்மையைச் சொல்லத் தைரியம் வரணும், சொல்லாம இருக்க இல்லன்னு எனக்கு இப்போதான் புரியுது. இத்தனை வருஷமா நான் இதைத்தான் பிரசங்கம் பண்றேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

உன்மேல இன்னும் கோவம் போகல. பொய் சொல்ல மாட்டேன். ஜெபம் பண்றேன், போகும்.

உள்ள இன்னொரு சீழ்ப்பை இருக்காம். மறுபடி திறக்கணும். எந்த ஆஸ்பத்திரியிலன்னு உன் அண்ணியே சொல்லட்டும், நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல.

அண்ணன்

பூனை, இது அண்ணி. உன்னை நான் மன்னிச்சாச்சு. அதுக்காக நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், அழுது அழுது கடிதம் எழுதவும் வேண்டாம், அது முடிஞ்சுது. ஆனா தட்டு விஷயம் வேற. உன் ஆஸ்பத்திரியிலதான் வச்சுக்கப்போறேன். மத்த ஊர்ல எவ எதை எழுதிட்டு அனுப்புறாளோ எனக்கு எப்படித் தெரியும்? இனிமே ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கப்போறவ நீ ஒருத்தியாவது இருப்பே. மேட்ரனம்மாவுக்கும் எழுதிட்டேன். என் தட்டை நீதான் வைக்கணும். எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் நீதான் வைக்கணும்.


ஏப்ரல் 9
(மாடி வார்டுக்குக் கொடுத்தனுப்பிய சீட்டு)

அண்ணிக்கு,

சாப்பிட்டீங்களா? காய்ச்சல் எவ்வளவு? அண்ணா தூங்கினாரா? நேத்து வாசல்ல என்னைப் பார்த்துட்டுப் பையை மட்டும் என் கையில கொடுத்தார். அது போதும்.

இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் மெஷின் பக்கம் போக மேட்ரனம்மா அனுமதி கொடுத்தாங்க. பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. உங்க தட்டை நானே கழுவி, நானே அடுக்கினேன். ஒவ்வொரு இடுக்கியையும் திறந்து வெளிச்சத்துல பார்த்தேன். டேப்ல கோடு வந்துடுச்சு. குப்பியைப் பத்தேகாலுக்குப் பெட்டியில வச்சேன்.

மத்தியானம் தியேட்டர்ல இருந்து டாக்டர் ஒருத்தர் நேர்லயே வந்து, அலமாரியில சும்மா கிடக்குதேன்னு அந்தத் தட்டைக் கேட்டார். நாளைக்குப் பத்தேகாலுக்கு முன்னாடி தர முடியாதுன்னேன். “பதினோரு வருஷமாத் தந்தியே!”ன்னு கத்தினார். ஆமான்னேன், தரல. அவர் போனப்புறம் அலமாரிக் கதவுல முதுகை வச்சுத் தரையில உட்கார்ந்துட்டேன்.

பயம் போகவே இல்ல அண்ணி. நாளைக்கு அது மஞ்சளா இருந்தா என்ன பண்றது? இருந்தா நானே படியேறி வந்து உங்ககிட்டச் சொல்றேன்.

ரிஜிஸ்டர்ல அந்தக் கட்டம் காலியா இருக்கு. பார்க்கிறப்பெல்லாம் கை பரபரங்குது. இந்தச் சீட்டை முடிச்சதும் என் பேனாவை மேட்ரனம்மாகிட்டக் கொடுத்துடப்போறேன். நாளைக்குப் பத்தேகால் வரைக்கும் எனக்குப் பேனா வேண்டாம்.

பூனை